டாங்கி ஓடும் நிலத்தை யார் பார்த்துக்கொள்வது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

பத்து நாளைக்கு முன்பு பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் பேசினான். இப்போது ஏரி, கண்மாய்களுக்குக் கணினியில் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறான். "டீச்சர், நான் தினமும் பயன்படுத்துற மென்பொருளுக்குப் பேரு கிராஸ். புல்லுன்னு அர்த்தம். இதை முதல்ல யாரு எழுதினாங்க தெரியுமா? அமெரிக்க ராணுவம்!" என்றான். ராணுவத்துக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவனுக்கும் முழுதாகத் தெரியவில்லை. சரி, நானே படித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வீட்டுப்பாடம்தான் இது.

ஒரு படை சண்டை பழக வேண்டுமானால் அதற்கு நிலம் வேண்டும். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் ஹூட் முகாமின் பரப்பு 2 லட்சம் ஏக்கருக்கும் மேல். 1942இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், டாங்கிகளை எதிர்த்துச் சண்டையிடும் படைக்குப் பயிற்சி கொடுக்க அந்த முகாமைத் தொடங்கினார்கள். அது வெற்று நிலமல்ல. சுமார் 300 விவசாயக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தன. குறுகிய கெடுவில் வீட்டையும் வயலையும் விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். இந்தக் குடும்பங்களை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

டாங்கி ஒரு நிலத்தை என்ன செய்யும்? நம் ஊரில் மழைக்காலத்தில் டிராக்டர் போன வண்டிப்பாதையைப் பார்த்திருப்பீர்கள். 1980களில் வந்த எம்1 ரக டாங்கியின் எடை 60 டன்னை ஒட்டியது. அது நேராகப் போனால்கூடப் பரவாயில்லை. திரும்பும்போது ஒரு பக்கப் பட்டை புல்லை வேரோடு உரித்துவிடும். ஈரக் களிமண்ணில் ஓடினால் மண் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே ஓடும். ஓடும் தண்ணீர் தடத்தை ஓடையாக்கும், ஓடையைப் பள்ளமாக்கும். சில வருடங்களில் அந்த இடத்தில் டாங்கியே ஓட்ட முடியாது. ஆக, நிலத்தைக் காப்பது ராணுவத்துக்குத் தருமகாரியம் அல்ல, அதன் சொந்தத் தேவை. நிலம் போனால் பயிற்சியும் போயிற்று.

ஆனாலும் சட்டம் வரும்வரை அந்தத் தேவை பெரிதாக யாருக்கும் உறைக்கவில்லை. 1970 ஜனவரி முதல் தேதி அதிபர் நிக்சன் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசுத் துறை எதுவானாலும் ஒரு பெரிய காரியத்தைச் செய்யும் முன், அதனால் இயற்கைக்கு என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 1973இல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சட்டமும் வந்தது. ராணுவத்துக்கும் விலக்கில்லை. இனிமேல் "எங்கள் நிலம், எங்கள் டாங்கி" என்று சொல்ல முடியாது.

எழுதிக் காட்டுவதென்றால் எதை வைத்து எழுதுவது? மண் வரைபடம் ஒரு அலமாரியில், காட்டு வரைபடம் இன்னொரு அலமாரியில், சுடுதள வரைபடம் மூன்றாவது அறையில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கும். அவற்றைக் கண்ணாடித்தாளில் பிரதி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் அன்றைய முறை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த இயன் மெக்ஹார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1969இல் வெளிவந்த தன் நூலின் மூலம் இந்த அடுக்கு முறையைப் பிரபலமாக்கியிருந்தார். ஆனால் 2 லட்சம் ஏக்கருக்குத் தாள் அடுக்கிப் பார்க்க ஆயுசு போதாது.

இல்லினாய் மாநிலத்தின் சாம்பெய்ன் நகரில் ராணுவத்துக்குச் சொந்தமான கட்டுமானப் பொறியியல் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்த சிலர், அந்தக் கண்ணாடித்தாள் வேலையைக் கணினிக்குக் கொடுத்தார்கள். முதல் முயற்சிக்குப் பெயரே ஃபோர்ட் ஹூட் தகவல் அமைப்பு. அதிலிருந்து வளர்ந்ததுதான் கிராஸ். புவியியல் வளங்களைப் பகுத்தறிய உதவும் அமைப்பு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'புல்' என்ற சொல் வரும். 1983 ஜூலை 29ஐ அதன் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 1987இல் அதை விளக்க ஒரு படம்கூட எடுத்தார்கள். அதில் பின்னணிக் குரல் கொடுத்தவர் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் விண்கலத் தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னர்!

அது எப்படி வேலை செய்கிறது? கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண்: இங்கே உயரம் இவ்வளவு. அதே கட்டத்துக்கு இன்னொரு நோட்டில் இன்னொரு எண்: இங்கே மண் இந்த வகை. மூன்றாவது நோட்டில் மரம், நான்காவதில் பாதை. பிறகு எல்லா நோட்டுகளையும் சேர்த்துக் கேள்வி கேட்கலாம். "சரிவு குறைவு, களிமண் இல்லை, ஓடையிலிருந்து தள்ளி இருக்கிறது, அப்படிப்பட்ட இடம் எது?" என்றால் கணினி அந்தக் கட்டங்களுக்கு மட்டும் நிறம் தீட்டிக் காட்டும்.

எண்களைத் தருவது யார்? மனிதர்கள்தான். 1980களில் அதே ஆய்வகத்தார் ஒரு முறையை வகுத்தார்கள். பயிற்சி நிலங்களில் 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் நிரந்தர அளவைத் துண்டுகளைக் குறித்தார்கள். வருடா வருடம் அதே கோட்டில் நடந்து, எங்கே செடி மூடியிருக்கிறது, எங்கே வெறும் மண், எங்கே பட்டைத்தடம் என்று பதிந்தார்கள். கணினிப் படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் அடியில் வெயிலில் நடந்த ஒருவரின் கால்வலி இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எண்களும் நிற வரைபடமும் நிபுணர்களுக்குப் புரிந்தன. படையை நடத்தும் அதிகாரிக்கு? அவர் நிலத்தை மேலிருந்து பார்ப்பவர் அல்லர்; தரையில் நின்று பார்ப்பவர். அதனால் உயர எண்களை வைத்தே நிலத்தை முப்பரிமாணமாக எழுப்பிக் காட்டும் வேலையைத் தொடங்கினார்கள். 1990களின் முதல் பாதியில், அந்தக் காலத்து விலை உயர்ந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில், மலையைச் சுற்றிவந்து பார்ப்பதுபோல் நிலத்தைச் சுழற்றிக் காட்ட முடிந்தது. "இந்த மேட்டில் நின்றால் எதுவரை தெரியும்?" என்று கேட்டால் தெரியும் இடத்துக்கு மட்டும் நிறம் வரும். படைவீரனுக்கு அது மறைவிடம் பற்றிய கேள்வி. காட்டைக் காப்பவருக்கு அது எந்த மரங்களை வெட்டாமல் விட வேண்டும் என்ற கேள்வி. இருவரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து பேச முடிந்தது. என்னைக் கேட்டால், கண்ணால் பார்க்கும் இந்த ஒத்திகையின் பெரிய சாதனை இதுதான்.

அடுத்து நிலத்தை அசைய வைத்தார்கள். மண் அரிப்பைக் கணக்கிட அமெரிக்க வேளாண் துறையின் விஷ்மயரும் ஸ்மித்தும் உருவாக்கிய ஒரு சூத்திரம் முன்பே உண்டு. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தை மூடிய தழை, காப்பு முறை ஆகியவற்றைப் பெருக்கினால் ஒரு வருடத்தில் எவ்வளவு மண் போகும் என்று வரும். நல்ல சூத்திரம்தான், ஆனால் அது உழவு நிலத்துக்காகப் பிறந்தது. மேடும் மடுவுமான பயிற்சி நிலத்தில் தண்ணீர் பல பக்கமிருந்து வந்து ஒரு மடுவில் கூடும். கொண்டுவந்த மண்ணை வேறொரு மடுவில் இறக்கிவிட்டும் போகும். அந்தச் சூத்திரத்துக்கு இது தெரியாது. பிராட்டிஸ்லாவாவிலிருந்து இல்லினாய்க்கு வந்த ஹெலேனா மிட்டாசோவாவும் லூபோஷ் மிட்டாஷும் இந்தக் குறையைக் கையிலெடுத்தார்கள். மழை பெய்வதையும், தண்ணீர் ஓடுவதையும், மண் அரிபடுவதையும், படிவதையும் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டு, நிலத்தின் மேலேயே ஓடும் படமாகக் காட்டினார்கள். "இந்த மடுவின் குறுக்கே பாதை விட்டால் என்ன ஆகும்? ஓடைக்கரையில் புல் பட்டை வைத்தால்?" என்று நிலத்தைத் தொடாமலே செய்து பார்க்கலாம்.

இப்படி முன்கூட்டிப் பார்ப்பதால் என்ன லாபம் என்பதற்கு ஒரு பறவையின் கதை சொல்கிறேன்.

வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் என்ற முகாம் இருக்கிறது. 1918இல் தொடங்கியது. பாராசூட்டில் குதிக்கும் படைகளுக்குப் பேர்போனது. அங்கே நீண்ட ஊசியிலைகள் கொண்ட ஒரு வகைப் பைன் காடு உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கில் சுமார் 9 கோடி ஏக்கருக்குப் பரவியிருந்து, நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குச் சுருங்கிப்போன காடு. அதை நம்பி வாழும் ஒரு சிறிய மரங்கொத்தி, உயிருள்ள பைன் மரத்தில் மட்டுமே பொந்து குடையும். ஒரு பொந்து முடிய வருடக்கணக்கில் ஆகும். பொந்தைச் சுற்றிப் பிசினை வழியவிட்டுப் பாம்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளும். மூத்த பிள்ளைகள் கூடவே இருந்து தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். கூட்டுக்குடும்பம்தான்!

1990ஐ ஒட்டி, படைப் பயிற்சி இந்தப் பறவையின் பிழைப்புக்கே ஆபத்து என்று வனவிலங்குத் துறை கருத்துச் சொன்னது. பொந்து மரங்களைச் சுற்றி 200 அடி தூரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. மரங்களில் வெள்ளைப் பட்டை தீட்டினார்கள். பயிற்சிக்கு இடமில்லாமல் போகிறதே என்று படையினர் முணுமுணுத்தார்கள்.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுற்றியிருந்த தனியார் நிலங்களில் காடு அழிந்த பிறகும் முகாமுக்குள் அது ஏன் மிஞ்சியது? ஒன்று, அங்கே யாரும் வீடு கட்டவில்லை. இரண்டு, குண்டு விழும் இடங்களில் அடிக்கடி தீப்பிடித்தது. அந்தப் பைன் காட்டுக்கு அவ்வப்போது தரைத்தீ வேண்டும். இல்லையென்றால் வேறு மரங்கள் அடியில் முளைத்து அதை நெருக்கிவிடும். அதே முகாமில் செயின்ட் பிரான்சிஸ் சேட்டர் என்ற சிறிய பழுப்பு வண்ணத்துப்பூச்சி உண்டு. அழிந்துவிட்டது என்று எண்ணியிருந்ததை 1992இல் அங்கேதான் மறுபடியும் கண்டார்கள். இயற்கையைக் காப்பதென்றால் வேலி போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

1998இல் ஆய்வாளர்கள் சிலர் இந்த மரங்கொத்தி பற்றி ஒரு கணினி ஒத்திகையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பறவையையும் ஒவ்வொரு குடும்பத்தின் எல்லையையும் இடத்தோடு சேர்த்துக் கணினியில் நடமாட விட்டார்கள். குடும்பங்கள் நெருங்கி இருந்தால் சிறிய கூட்டம்கூடத் தழைத்தது. சிதறி இருந்தால், எண்ணிக்கையில் பெரிய கூட்டமும் தேய்ந்தது. ஏன் தெரியுமா? இளம் பறவைகள் பக்கத்திலேயே காலியிடம் தேடுகின்றன, தூரம் போவதில்லை. எத்தனை என்பதைவிட எங்கே என்பது பெரிது. வெறும் பட்டியலில் இது தெரியாது, நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

1995 முதல் ராணுவமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் கைகோத்து, முகாமுக்கு வெளியே இருந்த காடுகளையும் காப்பாற்றத் தொடங்கின. அளவாகத் தீ வைத்தார்கள், செயற்கைப் பொந்து பொருத்தினார்கள். அந்தப் பகுதியில் பறவைக்கு நிர்ணயித்த மீட்பு இலக்கு, குறித்த காலத்துக்கு முன்பே எட்டப்பட்டதாக 2006இல் அறிவித்தார்கள். பயிற்சிக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. 2024இல் அந்தப் பறவையை 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்று மாற்றினார்கள்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் ஆசிரியர் புத்தி விடவில்லை. என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காகிதக்கூழால் தமிழ்நாட்டு நில அமைப்பு மாதிரி ஒன்று செய்தேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், வகுப்பறை மூலையில் வெகுநாள் இருந்தது. வடக்கு தெற்காக ஒரு மீட்டர் நீளம். மேற்குத் தொடர்ச்சி மலையை என் விரல் நீளத்துக்குக் கம்பீரமாக எழுப்பியிருந்தேன். மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எங்க மலை இப்படிச் சுவரு மாதிரி இருக்காது. பஸ்ஸு ஏறுமே" என்றாள். "பேசாமல் உட்கார்" என்றுவிட்டேன். மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் என்ற அளவில் 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நாலரை மில்லிமீட்டர்கூட வராது! நான் அதை இருபது மடங்கு உயர்த்தியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. உண்மையாக இல்லை. அந்தக் குழந்தையிடம் மறுநாள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

கணினித் திரையிலும் இதே ஆபத்து உண்டு. மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று உயரத்தைப் பெருக்கிக் காட்டுவது அங்கேயும் சகஜம். பச்சை எது, சிவப்பு எது என்று தீர்மானிப்பவர் ஒருவர் இருக்கிறார். படம் பார்த்தவுடன் நம்ப வைக்கும். அட்டவணையைப் பார்த்தால் சந்தேகம் கேட்போம், படத்தைப் பார்த்தால் கேட்க மாட்டோம்.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. கேள்வி கேட்கப்படாதது படத்தில் வராது. ஃபோர்ட் ஹூட்டின் 300 குடும்பங்களை நினைவில் வைத்திருக்கிறீர்களா? நிலத்தை இழந்தவர்களும் அவர்கள் வழியில் வந்தவர்களும் ஒரு கால்நடைச் சங்கம் அமைத்து, முகாமுக்குள் மேய்ச்சல் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தாத்தா உழுத நிலத்தில் பேரன் மாடு மேய்க்க ராணுவத்திடம் அனுமதி வாங்க வேண்டும். புல் குறைந்துவிட்டது என்று அளவை சொன்னால் மாட்டின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வார்கள். "புல்லைத் தின்றது எங்கள் மாடா, உங்கள் டாங்கியா?" என்ற வழக்கு எழாமல் இருக்குமா? எழுந்தது. அளவை நேர்மையானதாகவே இருக்கலாம். இருந்தாலும் கட்டத்துக்குள் புல்லுக்கு எண் உண்டு, மண்ணுக்கு எண் உண்டு, இங்கே ஒரு வீடு இருந்தது என்பதற்கு எண் இல்லை. மரங்கொத்திக்கு ஒரு சட்டம் இருந்ததால் அதன் மரத்துக்கு வெள்ளைப் பட்டை கிடைத்தது. அந்தக் குடும்பங்களுக்காக அப்படி ஒரு பட்டையை யாரும் தீட்டவில்லை. பறவையைக் காத்தது தவறென்று சொல்லவில்லை. யார் சார்பில் கேள்வி கேட்கிறோமோ அவர்தான் வரைபடத்தில் தெரிவார் என்கிறேன்.

கிராஸ் என்ன ஆயிற்று? 1990களின் நடுவில் ராணுவ ஆய்வகம் அதைக் கைவிட்டது. ஆனால் அரசு எழுதிய மென்பொருள் என்பதால் அது பொதுச்சொத்தாக இருந்தது. ஜெர்மனியின் மார்க்குஸ் நெட்டெலரும் வேறு பலரும் அதை எடுத்து வளர்த்தார்கள். 1999இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தின் கீழ் வந்தது. டாங்கித் தடத்தை அளக்கப் பிறந்த கருவியால்தான் இன்று என் மாணவன் கண்மாய் நீர்வரத்தை அளக்கிறான்.

இன்னொரு விஷயம் எனக்குத் தனியாக இனித்தது. 1812ஐ ஒட்டி, பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் மணல் மேசையில் நிலத்தைச் செய்து போர் விளையாட்டுப் பழக்கினார். மன்னருக்குக் காட்டுவதற்காக அதையே சுண்ணக்கூழ்க் கட்டிகளால் செய்தார். அவர் மகன் 1824இல் அதைக் காகித வரைபடத்துக்கு மாற்றினார். பிறகு வரைபடம் கணினிக்குப் போயிற்று. சில வருடங்களுக்கு முன்பு மிட்டாசோவாவின் குழு வட கரோலினாவில் என்ன செய்தது தெரியுமா? மேசையில் மணலைக் குவித்து, அதைக் கையால் வளைக்க, மேலிருந்து ஒரு கருவி அளவெடுக்க, தண்ணீர் எங்கே ஓடும் என்று மணல் மேலேயே ஒளியால் காட்டும்படி அமைத்தது. இருநூறு வருடம் சுற்றி மறுபடியும் மணலுக்கே வந்துவிட்டார்கள். கையால் தொட்டால்தான் நமக்கு நிலம் புரிகிறது போலும்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் ஊரில் சாலைக்கோ, தொழிற்பேட்டைக்கோ, வேறு எதற்கோ அழகான வண்ணப்படம் ஒன்றை யாராவது விரித்துக் காட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். உயரத்தை எத்தனை மடங்கு கூட்டியிருக்கிறீர்கள்? இந்தப் படத்தில் யார் வீடு இல்லை? பதில் சொல்லாமல் "பேசாமல் உட்கார்" என்றால், அவர்களும் என்னைப் போலக் கணக்குப் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மலையடிவாரத்துப் பெண் இதைப் படிக்கிறாளோ என்னவோ. படித்தால் ஒரு வார்த்தை எழுது தாயே. நீ சொன்னதுதான் சரி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்